மிர்சாபூர் மணி

விசில் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தது. விசில் எங்கே வியர்க்கும், கைதான் வியர்க்கிறது என்று சோணைமுத்துவுக்குத் தெரியும், ஆனாலும் விசில்தான் வியர்க்கிறது என்று நினைப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது, பயப்படுவது தான் இல்லை அதுதான் என்பதுபோல. பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை நட்டிருந்தார்கள், சாயாமல் நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து நட்டது, அதைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள், வட்டத்துக்கு வெளியே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள், அவர்களுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், அம்மாக்களும் அப்பாக்களும். இன்றைக்கு உச்சிப்பொழுதில் இந்தக் குழாயின் நிழல் காணாமல் போகும் என்று சொல்லித்தான் எல்லோரையும் வரவழைத்திருந்தார்கள். வருஷத்தில் இரண்டே நாள், சித்திரையில் ஒன்று, ஆவணியில் ஒன்று, சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சந்தலையில் வந்து நிற்குமாம். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் என்பதால் விசில் ஊதும் வேலை சோணைமுத்துவுக்கு. பன்னிரண்டு அடித்ததும் ஊத வேண்டும், ஊதியதும் எல்லோரும் குனிந்து பார்க்க வேண்டும், பார்த்தால் நிழல் இருக்கக் கூடாது. தலைமையாசிரியர் ஞானதுரை சார் அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் நிழல் இருக்கும். பன்னிரண்டுக்கு இருக்கும் என்று சோணைமுத்துவின் மகள் பூவிழி சொல்லியிருந்தாள், அதுவும் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் சொல்வதைக் கேட்க ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் சோணைமுத்துதான். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டாக இன்னும் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்கிற வார்த்தை அவர் வாயில் வருகிற வார்த்தையே இல்லை, முப்பது வருஷத்தில் எந்த டிரைவரிடமும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை.

காலையில் வந்ததும் பள்ளிக்கூட வராந்தாவில் இருந்த கரும்பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். வரப்போகிற நாட்களை ரெஜினா டீச்சர் வண்ணச் சுண்ணக்கட்டியில் எழுதிப் போட்டிருந்தார், டீச்சர் பயிற்சிக்கு மதுரை போயிருந்தார், கையெழுத்து மட்டும் இங்கே இருந்தது. ஆசிரியர் தினம், காலாண்டுத் தேர்வு ஆரம்பம், தேர்வு முடிந்து விடுமுறை, அறிவியல் கண்காட்சி, எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், நிழலில்லா நாள். ஒரே அளவு எழுத்து. காலாண்டுத் தேர்வைக் கல்வி இலாகா வைக்கிறது, விடுமுறையை அரசாங்கம் விடுகிறது, இதை யார் வைத்தார்கள். எட்டணாக் காசு உயரத்துச் சுண்ணாம்பு எழுத்தில் சூரியனுக்கும் ஒரு டிரிப் ஷீட் போட்டுவிட்டார்களே என்று முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றது, ஏனென்றால் அது வரும். அதுதான் விஷயம். காலாண்டுத் தேர்வு மழையில் தள்ளிப்போகலாம், பேரையூர் வண்டி பஞ்சராகி நிற்கலாம், டிரைவருக்குக் காய்ச்சல் வரலாம், இது மட்டும் டீசல் இல்லாமல், கண்டக்டர் இல்லாமல், டைம் கீப்பர் இல்லாமல், ஒருத்தன் விசில் ஊதாமல், தான் பாட்டுக்குப் புறப்பட்டுத் தான் பாட்டுக்கு வந்து நிற்கும். இத்தனை வருஷம் இது தலைக்கு மேலேயே வந்து போயிருக்கிறது. தான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம். டிரிப் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சும்மா வாயாடாதே. அப்படித்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது. இரண்டு வாரமாகப் பூவிழி மாடியில் ஒரு குச்சியை நட்டு நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள், துணி காயப்போட இடமில்லை என்று அவர் மனைவி பஞ்சவர்ணம் கத்திக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் ஏழாம் வகுப்பில் என்னென்னவோ சொல்லித்தருகிறார்கள். இலைக்கு வாய் இருக்கிறதாம், ஒன்றிரண்டு இல்லை, அடிப்புறம் முழுக்க வாயாம், திறந்து திறந்து மூடுமாம். பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமும் எண்கள் இருக்கின்றனவாம், அதில் பெரிதுதான் சிறிதாம். அவள் இதையெல்லாம் கீரை நன்றாயிருக்கிறது என்று சொல்கிற குரலிலேயே சொல்வாள், சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பாள், அவருக்குத்தான் சோறு இறங்காது. அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தாள். "ப்பா, நம்ம ஊருக்கு உச்சி பன்னிரண்டு மணிக்கு இல்லப்பா. பன்னிரண்டே கால் தாண்டித்தான்." "யாரு சொன்னா?" "குச்சி சொல்லுச்சு. ரெஜினா டீச்சரும் சொன்னாங்க. நம்ம வாட்ச்சுல ஓடுறது மிர்சாபூர் நேரம்ப்பா." "எந்தப் பூரு?" "மிர்சாபூர். வடக்க இருக்கு. அந்த ஊர் வழியா ஒரு தீர்க்கக்கோடு போகுது, அங்க உச்சி வந்தா நாடு பூரா பன்னிரண்டுன்னு வச்சுக்கிட்டாங்க. சூரியன் கிழக்கேருந்து அங்க போயிட்டு அப்புறம்தான நம்மகிட்ட வரும்." அப்போதுதான் அவர் சொன்னார். நான் முப்பது வருஷமா மணி பாக்குறவன், உச்சின்னா பன்னிரண்டு, பன்னிரண்டுன்னா உச்சி, சும்மா வாயாடாதே. அவள் வாயை மூடிக்கொண்டாள். கோபப்படவில்லை, அழவில்லை, தட்டில் இருந்த மிளகாயை மட்டும் ஓரமாக நகர்த்தினாள். திங்கட்கிழமை தலைமையாசிரியர் போன் செய்தார். "அண்ணே, உங்க பாப்பா பன்னிரண்டே கால்ங்குது, ரெஜினா டீச்சர் போன் எடுக்கல, நீங்க சொன்னா கரெக்டா இருக்கும், எத்தனை மணிக்கு எல்லாரையும் வரச் சொல்ல?" அதற்கும் அவர், சிரித்துக்கொண்டே, "உச்சிக்கு என்ன சார் ரெண்டு டயமா இருக்கு, பன்னிரண்டுதான்" என்று சொன்னார். சிரித்துக்கொண்டே என்பதுதான் இப்போது குத்தியது. தலைமையாசிரியர் பூவிழியிடம் போய், உங்கப்பாவே சொல்லிட்டார்மா என்று சொல்லியிருப்பார். அப்போது அவள் எதை ஓரமாக நகர்த்தினாளோ.

நேற்று பஸ் ஸ்டாண்டில் யாரும் பார்க்காதபடி தன் நிழலைப் பார்த்தார். பன்னிரண்டுக்குக் காலடியில் மேற்குப் பக்கமாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அதற்குள் ராஜபாளையம் வண்டி வந்து அவர் நிழல் மேலேயே நின்றுவிட்டது. டிரைவர் தலையை நீட்டி, "என்னண்ணே, கீழ காசு எதுவும் விழுந்துருச்சா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்தார், அவள் சொல்வது சரியென்றால் முப்பது வருஷமாக நான் அனுப்பிய வண்டியெல்லாம் நான் பார்த்தே இராத ஓர் ஊரின் வெயிலுக்கல்லவா புறப்பட்டுப் போயிருக்கிறது. அந்த ஊரில் யாரோ ஒருவன், அவனும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனாகவே இருக்கட்டும், நிமிர்ந்து பார்த்து உச்சி என்கிறான், உடனே இங்கே பேரையூர்க்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறுகிறாள். அவனுக்கு இவளைத் தெரியாது. இவளுக்கு அவனைத் தெரியாது. நடுவில் விசில் ஊதியவனுக்கும் தெரியாது.

"என்னண்ணே, ஒதுங்கி நில்லுங்க, வெயில் மண்டையப் பொளக்குது" என்று வேப்பமரத்தடியிலிருந்து ஒச்சப்பன் கூப்பிட்டான். டிரைவர், அவன் மகனும் ஏழாம் வகுப்புதான். "டைம் கீப்பருக்கு வெயில் என்னடா, மழை என்னடா" என்றார் சோணைமுத்து. "அதுக்கில்ல, நிழல் இல்லாதவன் பேயாம், உச்சி நேரத்துல நீங்க வேற நடுமைதானத்துல நிக்கிறீங்க, எங்களுக்குப் பயமா இருக்குல்ல." பெண்கள் சிரித்தார்கள். சோணைமுத்துவும் சிரித்தார், சிரிக்கும்போதே முதுகில் ஒன்று ஊர்ந்தது, பஞ்சவர்ணம் காலையில் அதைத்தான் சொன்னாள், ஏங்க, வயசுக்கு வரப்போற பிள்ள, உச்சி உருமத்துல வெட்டவெளியில நிறுத்துறாங்க, காத்து கருப்பு அண்டினா யாரு பாக்கிறது, கொஞ்சம் வேப்பிலையாவது சொருகி விடுங்க. அவர் சொருகவில்லை. சொருகியிருக்கலாமோ. பூவிழி வட்டத்தில் அவருக்கு நேர் எதிரே நின்றாள், இரண்டு பக்கமும் இரண்டு பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு, குழாயின் அடியையே பார்த்துக்கொண்டு. அவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வகுப்பு முழுக்கக் கேட்க அவள் பன்னிரண்டே கால் என்று சொல்லியிருக்கிறாள், வாத்தியார்கள் முன்னால் சொல்லியிருக்கிறாள், இப்போது பன்னிரண்டுக்கு விசில் ஊதி, நிழல் நாலு விரல் அகலத்துக்கு அப்படியே கிடந்து, எல்லோரும் சேலையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டால், கால் மணி நேரம் கழித்து வருவதை யார் பார்ப்பார்கள். அது வரும், வந்து போகும், வெறும் மைதானத்தில். அவளிடம் அடுத்த தடவை ஏதாவது கேட்டால் அவள் புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்வாள். அதற்கு அடுத்த தடவை அதையும் சொல்ல மாட்டாள். ஒரு பிள்ளை வாயை மூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் ஏழாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு மேப் இருந்தது, துணியில் ஒட்டியது, மேலிருந்து கீழாகக் கோடு கோடாக. எழுந்து நின்று கேட்டார், சார், இந்தக் கோடு தரையில எங்க சார் இருக்கு. வகுப்பே சிரித்தது, வாத்தியாரும் சிரித்தார், சிரித்தபடியே, போய்த் தேடிப் பாருடா என்று மைதானத்தில் முட்டி போட வைத்தார். உண்மையாகவே தேடினார், அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. முட்டிக்குக் கீழே மண் சுட்டது, கண்ணுக்கு எட்டிய தூரம் தரையைப் பார்த்தார், எறும்பு ஊர்ந்த தடம் ஒன்று இருந்தது, அதுவாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம். பிறகு பையன்கள் அவரைக் கோட்டுச்சாமி என்று கூப்பிட்டார்கள், பத்தாம் வகுப்புவரை கோட்டுச்சாமிதான். வாத்தியாரைக் குற்றம் சொல்லி என்ன, அவருக்கும் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாதபோது ஒருவன் என்ன செய்கிறான், சிரிக்கிறான். உச்சிக்கு என்ன சார் ரெண்டு டயமா இருக்கு. தன் சிரிப்பு அந்த வாத்தியாரின் சிரிப்பேதான் என்று சோணைமுத்துவுக்கு இப்போது, இந்த மைதானத்தில், சட்டை முதுகோடு ஒட்ட நின்றுகொண்டிருக்கும்போது பட்டது, பட்ட இடம் எரிந்தது.

கடிகாரத்தின் இரண்டு முள்ளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கை தானாக எழுந்தது, விசில் உதட்டில் வந்து உட்கார்ந்தது, முப்பது வருஷத்துக் கை அது, அவரைக் கேட்டா செய்யும். மூச்சை இழுத்தார். குழாயின் மேற்கே நாலு விரல் நிழல் படுத்திருந்தது. எதிரே பூவிழி இப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. ஊதுவார் என்று தெரிந்தே பார்த்தாள், ஊதத்தானே போகிறீர்கள் என்பதுபோல, அந்தத் தெரிந்திருத்தல்தான் தாங்க முடியவில்லை. இழுத்த மூச்சு உள்ளேயே நின்றது. விசிலை எடுத்துவிட்டார். "என்னண்ணே, பன்னிரண்டு ஆயிருச்சுல்ல?" என்று ஞானதுரை சார் தன் செல்போனைப் பார்த்தபடி கேட்டார். சோணைமுத்து தன் வாழ்க்கையில் சொன்னதே இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"இன்னும் ஆகல சார்."

"என் போன்ல ஆயிருச்சே."

"என் வாட்ச்சுலயும் ஆயிருச்சு சார். அது மிர்சாபூர் பன்னிரண்டு. நம்ம ஊருக்கு இன்னும் ஆகல. பிள்ள சொன்னதுதான் சரி. நான்தான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன்."

"பாத்தியாடா, டைம் கீப்பரே லேட்டு" என்று ஒச்சப்பன் கத்தினான். "அண்ணே, நாளைக்கு நான் கால் மணி பிந்தி வந்து, இது நம்ம திருமங்கலம் டயம்னு சொன்னா எனக்கு மெமோ குடுக்காம விட்ருவீங்களா?" வேப்பமரமே குலுங்கிச் சிரித்தது. யாரோ ஓர் அம்மா, அடுப்புல உலைய வச்சிட்டு வந்தேன் என்றாள். யாரோ எழுந்தார்கள். ஞானதுரை சார் அவரையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு, "சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் நேரம் இருக்குல்ல, இருப்போம், போனா என்ன போகுது" என்றார். எழுந்தவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். பூவிழியின் முகம் சிவந்திருந்தது, வெயிலா வேறெதுவுமா தெரியவில்லை, மறுபடி குழாயின் அடியைப் பார்க்க ஆரம்பித்தாள். சோணைமுத்து விசிலைச் சட்டைப்பையில் போட்டார். சொல்லிவிட்டார். இனிமேல் அவர் கையில் எதுவும் இல்லை. காலையில் மேற்கே போன மேகம் திரும்பி வந்தால் போச்சு, குச்சி பொய் சொல்லியிருந்தால் போச்சு, இரண்டு பேரும் போச்சு. ஆனால் அந்தப் பயத்தின் அடியிலேயே வேறொன்று, பயம் போலவே உடம்பைச் சில்லிட வைக்கிற ஒன்று, மெல்ல மேலே வந்தது. நிழல் நகர்ந்தது. நிழல் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது என்றுதான் நினைத்திருந்தார், முள் நகர்வது தெரியாதது போல. ஆனால் அசையாமல் பார்த்தால் தெரிந்தது. நாலு விரல் மூன்று விரலானது. குழாய் தன் நிழலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, ஆமை தலையை இழுப்பதுபோல. இல்லை, குழாய் ஒன்றும் செய்யவில்லை, சூரியனும் ஒன்றும் செய்யவில்லை, பூவிழி சொல்லியிருக்கிறாள், சூரியன் எங்கப்பா நகருது, நாமதான் சுத்துறோம். அப்படியானால் நகர்வது இந்த மைதானம். வேப்பமரம், சத்துணவுக் கூடம், ஒச்சப்பன், உலை வைத்துவிட்டு வந்த அம்மா, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, சத்தமே இல்லாமல், குலுக்கலே இல்லாமல், இந்த மண் போய்க்கொண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய வண்டியில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தும் ஓடுகிறது என்று தெரியாமலே இருந்திருக்கிறார். பஸ்ஸில்போல மேலே கம்பியைப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. பிடிக்க ஒன்றும் இல்லை.

இரண்டு விரல். ஒரு விரல். சிரிப்பு எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. மரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெயிலுக்கு வந்து வட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள், முக்காடு போட்டுக்கொண்டு, குடை வைத்திருந்தவர்கள் குடையை மடக்கிவிட்டு. பையன்களின் நிழல் கால்களுக்குள் சுருண்டது. கைகோத்த வட்டத்தின் நிழல் தரையில் இன்னொரு வட்டமாக விழுந்தது, கைகளுக்கு நேர் கீழே கைகள், தலைக்கு நேர் கீழே தலை, ஒவ்வொரு பிள்ளையும் தன்மேல் தானே நிற்பதுபோல. குழாயின் அடியில் ஒரு கோடு இருந்தது, நகக்கணு அளவு. பிறகு அதுவும் இல்லை. குழாய் நின்றது, வெயில் அடித்தது, நிழல் இல்லை. யாரும் கத்தவில்லை. கத்துவார்கள், கைதட்டுவார்கள் என்றுதான் நினைத்திருந்தார், அத்தனை பேரும் கோயிலில் திரை விலகியதும் நிற்பதுபோல நின்றார்கள். ஒச்சப்பன் தன் செருப்பை உற்றுப் பார்த்து, மெதுவாக, "ஆத்தீ" என்றான். விசில் ஊத வேண்டும் என்பது சோணைமுத்துவுக்கு நினைவில்லை, ஞானதுரை சாருக்கும் நினைவில்லை. தன் மகளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் எதுவும் இல்லை, பக்கத்தில் எதுவும் இல்லை, வெளிச்சத்தில் வெட்டி வைத்ததுபோல அவள் மட்டும் இருந்தாள். பயம் வரவேண்டிய நேரம். வரவில்லை. இவளை நானா பெற்றேன் என்று மட்டும் வந்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும்தான் சத்தம் வந்தது, வந்தது ஒரேயடியாக வந்தது, பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு முட்டைக்கு ஓடினார்கள், ஒச்சப்பன் போகிற போக்கில் பூவிழியின் தலையைத் தட்டி, "ஏ தாயி, இனிமே எங்க டூட்டி சார்ட்ட நீயே போட்ரு, உங்கப்பன் வேணாம்" என்றான். ஞானதுரை சார் ரெஜினா டீச்சருக்குப் போன் போட்டபடி வராந்தாவுக்கு நடந்தார். மைதானத்தில் அவளும் அவரும் குழாயும். மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தார், பிள்ளையிடம் எப்படிக் கேட்பது, என்ன வார்த்தை, அவருக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. அவள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். "சாப்பிடப் போகலியா ஆத்தா?" "இருங்கப்பா, இப்ப அந்தப் பக்கம் வரும்." அவரும் பக்கத்தில் குத்தவைத்தார், முழங்கால் சொடுக்கியது. கிழக்கே, குழாயின் அடியில், மயிரிழை போல ஒன்று எட்டிப் பார்த்தது. "வந்துருச்சு" என்றாள், அவருக்கு அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"அப்ப உச்சி எங்க போச்சு?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டது தெரிந்தது. சிரிப்பாளோ என்று அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. "மேற்க போயிருக்குப்பா. ராமேஸ்வரத்துக்கு நமக்கு முன்னாடியே வந்திருக்கும். இப்ப நம்மளத் தாண்டிப் போய்க்கிட்டிருக்கு."

சோணைமுத்து மேற்கே பார்த்தார். நாற்கரச் சாலைக்கு அந்தப் பக்கம் வெயில் தகதகத்தது, அதற்கும் அப்பால் நீலமாக மலை. அந்த வெளிக்கு மேலே ஊர் ஊராக, நிழல்களை ஒவ்வொன்றாக ஒடுக்கிக்கொண்டே, ஆடு மேய்க்கிறவனின் நிழலை, ஆட்டின் நிழலை, மைல்கல்லின் நிழலை ஒடுக்கி ஒடுக்கி விட்டுக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் ஒன்று நடந்து போவது அவருக்குத் தெரிந்தது.

"இந்நேரம் உசிலம்பட்டி தாண்டியிருக்குமா?"

"தாண்டியாச்சுப்பா. ஆண்டிபட்டிக் கணவாயே ஏறியிருக்கும்."

"அப்படிப் போகுதா?" அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "குமுளிக்கு எப்பப் போய்ச் சேரும்?"

அவள் ஒரு விரலால் மண்ணில் எதையோ எழுதினாள், அழித்தாள், உதடு அசைய மனசுக்குள் கணக்குப் போட்டாள். சோணைமுத்து கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.